சேஃப்டி வயர் கட்டும்போது திசையை முதலில் பாருங்கள், அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்

பைக்கை ட்ராக்கில் ஓட்டத் தயார் செய்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் சேஃப்டி வயர் கட்டுகிற இந்த வேலை வந்தே தீரும். எஞ்சினிலிருந்து பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற ட்ரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர் மூடி, ஆயில் ஊற்றுகிற மூடி, இவற்றையெல்லாம் மெல்லிய ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறதா என்று ரேஸுக்கு முன்னால் நடக்கும் சோதனையில் குனிந்து பார்ப்பார்கள். சர்வதேச மோட்டார்சைக்கிள் சம்மேளனமான எஃப்.ஐ.எம். விதிகளிலேயே ட்ரெயின் போல்ட் எல்லாவற்றுக்கும் கம்பி கட்டியிருக்க வேண்டும், ஆயில் இருக்கும் அறைக்குள் போகிற வெளிப்புற ஃபில்டர் போல்ட்டுக்கும் கட்டியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் ஓடப்போவது இருங்காட்டுக்கோட்டையோ கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயோ, அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை வாங்கி எந்தெந்த போல்ட்டுக்குக் கேட்கிறார்கள் என்று முதலில் படித்துவிடுங்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் கொஞ்சம் மாறும்.

ஏன் ஆயில் விஷயத்தில் மட்டும் இவ்வளவு கெடுபிடி என்றால், அது உங்களுக்காக இல்லை, உங்கள் பின்னால் வருகிறவருக்காக. சீட் போல்ட் கழன்றால் உங்களுக்குத்தான் தொல்லை. ட்ரெயின் போல்ட் கழன்றால் எஞ்சினில் இருக்கிற ஆயில் முழுக்க வளைவில் கொட்டும், முதலில் உங்கள் பின் டயரே அதில் ஏறும், அப்புறம் வரிசையாக வருகிற அத்தனை பேரும் விழுவார்கள்.

இந்தப் பழக்கம் விமானத்துறையிலிருந்து வந்தது. கம்பியின் அளவு, முறுக்கு எத்தனை, எத்தனை போல்ட்டை ஒரே கம்பியில் கோக்கலாம் என்பதெல்லாம் அமெரிக்க ராணுவத் தரக்குறிப்புகளிலும், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட 43.13 என்ற பராமரிப்புக் கையேட்டிலும் இருக்கிறது. விமானப் பராமரிப்புப் படிக்கிற பசங்களுக்கு இது ஆரம்பப் பாடம். பைக்காரர்கள் அதையே எடுத்துக்கொண்டோம். சென்னையில் ரேஸ் தொடங்கிய சோழவரமே இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளம்தான், அதனால் இந்த உறவு நமக்குப் புதிதில்லை.

கம்பி என்ன செய்யும், என்ன செய்யாது

கம்பி போல்ட்டை இறுக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். போல்ட் தன் வேலையைச் செய்வது அதன் இழுவிசையால். எவ்வளவு முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து அதை மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்கும்போதுதான் அந்த இழுவிசை கிடைக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் காட்டியது என்னவென்றால், போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, இணைந்திருக்கும் இரண்டு பாகங்களும் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று நழுவுகிற அதிர்வுதான் போல்ட்டை வேகமாகக் கழற்றுகிறது. அப்படி நழுவாமல் பிடித்து வைப்பது இழுவிசை. அது போன பிறகு எந்தக் கம்பியாலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அப்படியென்றால் கம்பி எதற்கு? தளர்ந்த போல்ட் சுற்றிச் சுற்றி வெளியே வந்து விழாமல் பிடித்து நிறுத்த. ட்ரெயின் போல்ட் கொஞ்சம் தளர்ந்தால் ஆயில் கசியும், சொட்டும், அடுத்த முறை ட்ராக்கிலிருந்து பைக்கை நிறுத்தும் பிட்டுக்கு வரும்போது கண்ணில் படும். முழுக்கக் கழன்று விழுந்தால் கதையே வேறு. சரியாகக் கட்டிய கம்பி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதனால் "கம்பி கட்டப்போகிறோமே, போல்ட்டை லேசாக இறுக்கினால் போதும்" என்று யாராவது சொன்னால், அவர் பைக்குக்குப் பின்னால் ஓட்டாதீர்கள்.

நைலான் வளையம் உள்ள நட்டுக்குப் பொதுவாக இது தேவைப்படாது. ஆக்ஸில் மாதிரி பள்ளம் வெட்டிய நட்டு இருந்தால் அதற்கு, குறுக்கே நுழைத்துக் காலை மடக்குகிற காட்டர் பின் போடுவதுதான் சுலபம், நல்லதும்கூட.

கம்பியும் கருவியும்

கம்பி என்றால் எந்தக் கம்பியும் இல்லை. கட்டடக்காரர்கள் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பி மெதுவாக வளையும், முறுக்க சுகமாக இருக்கும், ஆனால் வலுவில்லை, ஒரு மழையில் துருப்பிடிக்கும். வெல்டிங் மிஷினில் ஓடுகிற ஸ்டெயின்லெஸ் கம்பியைச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது விறைப்பான கம்பி, முறுக்கினால் ஸ்பிரிங் மாதிரித் திரும்பும், போல்ட் தலையோடு ஒட்டி உட்காராது. உங்களுக்கு வேண்டியது காய்ச்சிப் பதப்படுத்திய மென்மையான ஸ்டெயின்லெஸ் லாக் வயர். விமான உதிரிபாகம் விற்கிறவர்களிடமும் ஆன்லைனிலும் எம்.எஸ். 20995 என்ற எண்ணோடு கிடைக்கும். அந்த எண்ணுக்குப் பின்னால் சி 32 என்று இருந்தால் துருப்பிடிக்காத ஸ்டீல், 0.032 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. தடிமன்.

பைக் வேலையில் பெரும்பாலும் இந்த 0.8 மி.மீ. போதும். ஃபில்டர் மூடியில் இருக்கும் எம் 5, எம் 6 மாதிரிச் சின்ன போல்ட்டுகளுக்கு 0.025 அங்குலம், அதாவது 0.6 மி.மீ. சொச்சம், கைக்கு வசதியாக இருக்கும். ஒரு பவுண்டு டப்பாவில் 0.8 மி.மீ. கம்பி நூறு மீட்டருக்கு மேல் வரும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு டப்பா வாங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருத்தர் தனியாக வாங்கினால் ஆயுசுக்கும் தீராது.

கருவி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வயர் ட்விஸ்டிங் பிளேயர் என்று ஒன்று விற்கிறார்கள். வாயால் கம்பியைக் கவ்வி, பூட்டிவிட்டு, பின்னால் இருக்கும் குமிழை இழுத்தால் பிளேயரே சுழன்று கம்பியை முறுக்கும். அருமையான சாதனம். ஆனால் முதல் நாளே அதை வாங்காதீர்கள். சாதாரண மூக்கு பிளேயரும் கட்டிங் பிளேயரும் வைத்துக் கையாலேயே ஒரு பத்துப் பதினைந்து கட்டிப் பாருங்கள். கையால் முறுக்கும்போதுதான் கம்பி எங்கே இறுகுகிறது, எந்த இடத்தில் "இதற்குமேல் வேண்டாம்" என்று சொல்கிறது என்பது விரலுக்குப் புரியும். ட்விஸ்டிங் பிளேயர் வேகமாக முறுக்கும், அதே வேகத்தில் அளவு தாண்டி முறுக்கிக் கம்பியை உடையக்கூடியதாகவும் ஆக்கிவிடும்.

கண்ணாடி போடுங்கள். வெட்டும்போது துண்டு எங்கே தெறிக்கும் என்று தெரியாது, முறுக்கிய கம்பியின் நுனி ஊசிக்குச் சமம்.

போல்ட்டில் ஓட்டை

ரேஸுக்கென்றே ஓட்டை போட்ட போல்ட்டுகள் விற்பனைக்கு இருக்கின்றன. பிரேக் காலிப்பர் போல்ட் மாதிரி உயிர் தொங்குகிற இடத்துக்கு அப்படி வாங்கிப் போடுங்கள், நாமே துளைக்க வேண்டாம். ட்ரெயின் போல்ட்டுக்கும் ஃபில்டர் மூடி போல்ட்டுக்கும் வீட்டிலேயே துளைக்கலாம்.

அறுகோணத் தலையாக இருந்தால் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை நேராகத் துளைக்க வேண்டிய அவசியமில்லை. மூலையைக் குறுக்கே துளைத்தால் போதும்: ஒரு தட்டைப் பக்கத்தில் ஆரம்பித்து அடுத்த தட்டைப் பக்கத்தில் வெளியே வருகிற மாதிரி. துளைக்கும் தூரம் குறைவு, ட்ரில் பிட் உடைவதும் குறைவு. போல்ட்டை வைஸில் பிடிக்கும்போது மரை நசுங்காமல் இருக்க அதே அளவு நட்டு இரண்டை ஏற்றி நட்டைப் பிடியுங்கள். சென்டர் பஞ்ச் வைத்துக் குழி போடுங்கள். முதலில் தட்டைப் பக்கத்துக்குச் செங்குத்தாகப் பிட்டை வைத்து ஒரு சின்னப் பள்ளம் எடுத்துக்கொண்டு, அப்புறம் போல்ட்டைச் சாய்த்து மூலையை நோக்கித் துளைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சாய்வாக வைத்தால் பிட் வழுக்கும், இரண்டாக உடையும்.

பிட் 1.5 மி.மீ., முடிந்தால் கோபால்ட். 8.8 என்று தலையில் வலிமை எண் குத்தியிருக்கும் போல்ட் பரவாயில்லை, 12.9 என்றால் சாதாரண பிட் முனை மழுங்கிவிடும். சின்ன பிட்டுக்கு வேகம் நிறைய வேண்டும், அழுத்தம் கொஞ்சமாக வேண்டும், கட்டிங் ஆயில் தாராளமாக வேண்டும். கொஞ்சம் துளை, வெளியே எடு, சீவல் தட்டு, எண்ணெய் விடு, மறுபடி துளை. ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக இருந்தால் வெறுமனே உரசவிடாதீர்கள், பிட் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இன்னும் கடினமாகிவிடும். கை ட்ரில்லில் இதைச் செய்ய முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஸ்டாண்டு உள்ள ட்ரில் கிடைத்தால் பிட்டுக்குச் செலவாகும் காசு மிஞ்சும். பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தாலும் வேலை முடிந்துவிடும், ஆனால் எந்த மூலை, எந்தச் சாய்வு என்று மார்க்கரில் குறித்துக்கொடுங்கள்.

துளைத்த பிறகு ஓட்டையின் இரண்டு வாயையும் கொஞ்சம் பெரிய பிட்டைக் கையில் வைத்துத் திருகிப் பிசிர் எடுத்துவிடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கூரான விளிம்பு கம்பியை அறுத்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் வெட்டிவிடும்.

ஆலன் போல்ட் என்றால் உருளையான தலையின் சுவரில் துளைத்து உள்ளே இருக்கும் அறுகோணக் குழிக்குள் வர வேண்டும். குழியின் அடிப்பக்கம் வரை போகாதீர்கள், சுவரின் மேல் பாதியிலேயே இருக்கட்டும், இல்லையென்றால் தலை பலவீனமாகும். பிரேக் ஹோஸைப் பிடிக்கிற பேஞ்சோ போல்ட்டின் நடுவில் பிரேக் ஆயில் போகும் வழி இருக்கிறது. அதில் கை வைப்பதாக இருந்தால் தலையின் மூலையைத் தவிர வேறு எங்கும் துளைக்கவே கூடாது. உள்ளே காந்தம் வைத்த சில ட்ரெயின் போல்ட்டுகளிலும் தலைக்குள் குழி இருக்கும், துளைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரெயின் போல்ட்டில் ஒரே ஒரு ஓட்டை போட்டுவிட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் புது வாஷர் போடுகிறோம், அது நசுங்கும் அளவு கொஞ்சம் மாறும், அதனால் சரியான டார்க் வந்ததும் போல்ட் தலை எந்த நிலையில் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று மூலையிலாவது ஓட்டை இருந்தால் ஏதாவது ஒன்று வசதியாக அமையும். ஓட்டை சரியாக வரவில்லையே என்று போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துவதோ, அளவுக்கு மேல் இறுக்குவதோ கூடவே கூடாது. மேனுவலில் டார்க் இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை என்று வரம்பு கொடுத்திருந்தால் அந்த வரம்புக்குள் கொஞ்சம் நகர்த்தலாம். அதிலும் வரவில்லையா, வாஷரை மாற்றுங்கள், இல்லை போல்ட்டை மாற்றுங்கள்.

திசை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். ரேஸுக்கு முந்தைய சோதனையான ஸ்க்ரூட்டினியில் வரிசையாக நிற்கும் பைக்குகளைப் பார்த்தால் முறுக்கு அச்சடித்த மாதிரி அழகாக இருக்கும், ஆனால் கம்பி தவறான பக்கம் கட்டியிருக்கும். அது அலங்காரம்தான், போல்ட் கழன்றால் கம்பி கூடவே தளர்ந்து வழிவிடும்.

விதி இதுதான்: போல்ட் கழலும் திசையில் திரும்ப முயன்றால் கம்பி இறுக வேண்டும். வேறு மாதிரிச் சொன்னால், கம்பியைப் பிடித்து இழுத்தால் போல்ட் தலை இறுகும் பக்கமாகத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சாதாரண வலமரை போல்ட் இரண்டு, இடமும் வலமுமாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைகள் உங்களைப் பார்த்து இருக்கின்றன. இடது போல்ட்டை வலது பக்கமாக இழுக்கிற கம்பி, அந்தத் தலையின் மேல் விளிம்பிலிருந்து புறப்பட்டால்தான் தலை கடிகாரச் சுற்றில், அதாவது இறுகும் பக்கம் திரும்பும். வலது போல்ட்டை அதே கம்பி இடது பக்கமாக இழுக்கிறது, அதனால் அங்கே அது கீழ் விளிம்பில் போய்ச் சேர வேண்டும். ஆக இடது போல்ட்டின் மேலிருந்து வலது போல்ட்டின் கீழுக்குச் சாய்வாக இறங்க வேண்டும். இரண்டு தலையிலும் மேல் விளிம்பிலேயே கட்டினால் ஒன்றைக் காப்பாற்றி மற்றதைக் கழற்றிவிடுகிறீர்கள். போல்ட் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருந்தால், மேல் போல்ட்டின் வலப்பக்கத்திலிருந்து கீழ் போல்ட்டின் இடப்பக்கத்துக்கு வர வேண்டும்.

இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு விரலைப் போல்ட் தலைமேல் வைத்துக் கழற்றுவதுபோல் இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள், கம்பி அந்த விரலைத் தடுக்கிறதா, விடுகிறதா என்று உடனே தெரியும். எப்போதும் தலையை நேருக்கு நேர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ட்ரெயின் போல்ட் கீழ்நோக்கி இருக்கும். நீங்கள் மேலே நின்று எஞ்சினை ஊடுருவிப் பார்ப்பதுபோல் கற்பனை செய்தால் வலம் இடமாகிவிடும். தரையில் படுத்து மேலே பாருங்கள், இல்லையென்றால் போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இடமரை போல்ட் எங்காவது இருந்தால் எல்லாம் தலைகீழ்.

கட்டுவது

முதலில் பழகுவதற்கு ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். கனமான அலுமினியப் பட்டையோ இரும்புப் பட்டையோ எடுத்து அதில் ஆறேழு மரை ஓட்டை போட்டு, ஓட்டை போட்ட பழைய போல்ட்டுகளை ஏற்றி வைஸில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கட்டலாம். பைக்குக்கு அடியில் படுத்து, ஆயில் முகத்தில் சொட்ட, முதல் கம்பி கட்டுவது வேண்டாத தண்டனை.

இரண்டு போல்ட் கட்டுவதற்கு, நடுவில் ஐந்து செ.மீ. இடைவெளி என்றால், முப்பது செ.மீ. கம்பி வெட்டிக்கொள்ளுங்கள். மிச்சம் போனால் போகட்டும், குறைந்தால் பிடிக்க இடமிருக்காது. இடது போல்ட்டின் ஓட்டையில் கம்பியை நுழைத்து இரண்டு முனையும் சமமாக வரும்வரை இழுங்கள். இப்போது ஒரு முனை ஓட்டையிலிருந்து இரண்டாவது போல்ட்டைப் பார்த்து வெளியே நிற்கும். மற்ற முனையைத் தலையைச் சுற்றிக் கடிகாரச் சுற்றில் கொண்டுவந்து, வெளியே நிற்கிற முனைக்கு அடியில் விடுங்கள். அடியில், அதாவது போல்ட் உட்காரும் பரப்பின் பக்கமாக, என்பது முக்கியம். அப்போதுதான் தலையைச் சுற்றிய வளையம் கீழேயே உட்காரும், மேலே ஏறி நழுவி வராது. வளையத்தை இழுத்துத் தலையோடு ஒட்டவைத்துவிட்டு, இரண்டு முனையும் சேருகிற இடத்தில் கையால் ஒரு முறுக்கு போடுங்கள்.

அப்புறம் பிளேயரால் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, கம்பியைத் தொடர்ந்து லேசாக இழுத்துக்கொண்டே கடிகாரச் சுற்றில் முறுக்குங்கள். இழுவை விட்டால் முறுக்கு சீரில்லாமல் ஓரிடத்தில் குவியும். ஒரு முனை நேராக நிற்க மற்றது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டிருந்தால் அது முறுக்கு இல்லை, பிரித்துவிட்டுப் புதுக் கம்பி எடுங்கள். 0.8 மி.மீ. கம்பிக்கு ஓர் அங்குலத்தில் ஆறிலிருந்து எட்டு முறுக்கு, அதாவது ஒரு செ.மீ.க்கு ஏறக்குறைய மூன்று. மெல்லிய கம்பிக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். அதற்குமேல் போனால் கம்பி கடினமாகி நொறுங்கத் தயாராகிறது, குறைந்தால் தொளதொளக்கும். முறுக்கிய பகுதி இரண்டாவது போல்ட்டின் ஓட்டைக்கு மூன்று மி.மீ. இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஓட்டை வரைக்கும் முறுக்கினால் இழுத்து நுழைக்கும்போது கம்பி மடங்கித் தளர்வு வந்துவிடும். இந்தத் தூரத்தைக் கணிப்பதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான இடம், பலகையில் பழகச் சொல்வதே இதற்காகத்தான்.

இனி ஒரு முனையை இரண்டாவது போல்ட்டின் ஓட்டையில் நுழைத்து, பிளேயரால் நன்றாக இழுங்கள். நுழைகிற பக்கம் தலையின் கீழ் விளிம்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற முனை தலையைச் சுற்றி வந்து, ஓட்டையிலிருந்து வெளியே வந்த முனைக்கு அடியில் போக வேண்டும். இப்போது இரண்டையும் சேர்த்து, முதலில் முறுக்கியதற்கு எதிர்த் திசையில் முறுக்குங்கள். திசை மாற்றுவது வளையத்தைக் கீழே அழுத்திப் பிடிக்க. மூன்று முதல் ஆறு முறுக்கு, ஆறு மி.மீ. முதல் பன்னிரண்டு மி.மீ. வரை நீளம் போதும். மிச்சத்தை வெட்டிவிட்டு, அந்த வாலை மடக்கி, முனை போல்ட் தலையைப் பார்த்து உள்பக்கமாக இருக்கும்படி அழுத்திவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடுத்த முறை துடைக்கிற கையைக் கிழிக்கும். வெட்டும்போது வெட்டுப்படுகிற துண்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், எஞ்சின் பக்கம் பறக்கவிடாதீர்கள்.

மூன்று போல்ட் என்றால் இதே முறைதான்: நடுவில் இருக்கும் போல்ட்டின் ஓட்டையில் ஒரு முனை, தலையைச் சுற்றி ஒரு முனை, வெளியே வந்ததும் மறுபடி சேர்த்து முறுக்கி மூன்றாவதுக்குப் போகலாம். விமான நடைமுறையில், போல்ட்டுகள் தள்ளித் தள்ளி இருந்தால் ஒரே கம்பியில் மூன்றுக்கு மேல் கோக்கக் கூடாது. நெருக்கமாக இருந்தாலும் கம்பியின் நீளம் 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நெருக்கமாக வட்டத்தில் இருக்கும் சின்னத் திருகுகளுக்கு முறுக்காமல் ஒற்றைக் கம்பியை ஓட்டைக்கு ஓட்டை விட்டுச் சுற்றிக் கட்டுகிற முறையும் உண்டு. பைக்கில் அதற்கு வேலை குறைவு, விட்டுவிடுகிறேன்.

எதில் கட்டுவது

ட்ரெயின் போல்ட்டுக்குப் பக்கத்தில் துணை போல்ட் இருக்காது, அசையாத எதிலாவது கட்ட வேண்டும். எஞ்சின் கேஸில் வார்த்திருக்கும் விலா, கழற்ற வேண்டிய தேவையில்லாத இன்னொரு போல்ட், ஃபிரேமில் பற்றவைத்த காது, எது கிட்டத்தில் இருக்கிறதோ அது. ஹோஸில் கட்டாதீர்கள், சைலன்ஸர் குழாயில் கட்டாதீர்கள், சஸ்பென்ஷனோடு ஆடுகிற எதிலும் கட்டாதீர்கள். விலாவில் துளைப்பதாக இருந்தால் பின்னால் ஆயில் அறை இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான். இங்கே திசை விதி போல்ட் பக்கம் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் ஒற்றை சிலிண்டர் பைக்குகள் பலவற்றில் காகித ஃபில்டர் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இரண்டு மூன்று போல்ட்டில் இருக்கும். அந்த போல்ட்டுகளை ஒன்றோடொன்று கட்டினால் முடிந்தது. டப்பா மாதிரித் திருகுகிற ஃபில்டராக இருந்தால் அதில் துளைக்க இடமில்லை. பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றை டப்பாவைச் சுற்றி மாட்டி, கிளிப்பின் திருகுப் பகுதியிலிருந்து கம்பி எடுத்து எஞ்சினில் கட்ட வேண்டும், இழுவை டப்பாவை இறுக்குகிற பக்கமாக. கிளிப்பை வெறியோடு திருகி டப்பாவை நசுக்கிவிடாதீர்கள். ஆயில் ஊற்றும் மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் கைப்பிடிப் பகுதியில் ஒரு ஓட்டை போதும், துளை உள்பக்கம் வரை போகக் கூடாது.

கட்டிய பிறகு

விரலால் கம்பியின் நடுவில் லேசாக அழுத்திப் பாருங்கள். கொஞ்சம்கூடத் தொங்கல் இருக்கக் கூடாது, ஆனால் வீணைத் தந்தி மாதிரி விறைத்தும் நிற்க வேண்டியதில்லை, அளவுக்கு மேல் இழுத்த கம்பி அதிர்வில் சீக்கிரம் அறுந்துவிடும். பிளேயர் பல் பதிந்து கம்பியில் வெட்டுக் காயம் இருந்தால், எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். முறுக்கும்போது கவ்விய இடம் மிச்சமாக வெட்டப்படுகிற முனையாக இருக்கட்டும், நடுவில் கவ்வாதீர்கள். ஒருமுறை பிரித்த கம்பியைத் திரும்பப் பயன்படுத்தவே கூடாது, ஏற்கெனவே முறுக்கு வாங்கி அது கடினமாகிவிட்டது.

போல்ட் தலையிலிருந்து எஞ்சின் கேஸ் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு ரவுண்டு முடிந்து வரும்போதும் கோடு உடையாமல் இருக்கிறதா, கம்பி தளர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம், கம்பி அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது கம்பியை இன்னும் இறுக்கிவிட்டு மறுபடி ட்ராக்கில் இறங்குவது முட்டாள்தனம். வெட்டி எடுத்து, போல்ட்டைக் கழற்றி, மரை, வாஷர் எல்லாம் பார்த்து, டார்க் வைத்து, புதுக் கம்பி கட்ட வேண்டும். கோடு நேராக இருந்து கம்பி மட்டும் தளர்ந்திருந்தால் கட்டியது சரியில்லை, பழக்கம் போதவில்லை.

ஆயில் மாற்றும்போது கம்பியோடு சேர்த்து ஸ்பேனர் போட்டுத் திருகி அறுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். நேரம் மிச்சம் என்று நினைக்கிறார்கள், ஓட்டையின் விளிம்பு கிழிந்துபோவது தெரிவதில்லை. கட்டிங் பிளேயரால் வெட்டி, துண்டுகளை எண்ணி எடுத்து ஒரு டப்பாவில் போடுங்கள். செயினிலோ டயரிலோ குத்துகிற வேலை அந்தத் துண்டுக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியாக, இது போல்ட் சமாசாரம் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தீயணைப்பு சிலிண்டரின் பூட்டுப் பின்னில் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியோ பிளாஸ்டிக் சீலோ அறுந்துபோனால், கையில் இருக்கிறதே என்று இந்த 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை அங்கே கட்டிவிடாதீர்கள். அங்கே இருப்பது அவசரத்தில் கை இழுத்ததும் அறுந்துவிட வேண்டிய சீல். விமானத்தில்கூட அந்த மாதிரி இடங்களுக்கு மெல்லிய செம்புக் கம்பிதான் போடுகிறார்கள்.